"எல்லாம் போட்டு ரெடி" ஹாம் பெட்டி வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

குரலுக்குப் பதில் கம்ப்யூட்டர் வழியே குட்டிச் செய்திகளை ரேடியோவில் அனுப்பும் எஃப்டி8 மாதிரி டிஜிட்டல் மோடுக்காக, மென்பொருள் எல்லாம் ஏற்றித் தயாராக இருக்கும் ராஸ்பெர்ரி பை (உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர்) பெட்டியை யாரிடமாவது வாங்கலாம் என்று யோசிக்கும் ஹாம் (லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோ இயக்கும்) நண்பர்களுக்காக எழுதுகிறேன். போன ஐப்பசியில் நான் அப்படி ஒன்றை 16,500 ரூபாய்க்கு வாங்கினேன். பணம் போனது ஒரு பக்கம். அதைவிட மோசமான விஷயம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கரண்டும் இல்லை, செல்ஃபோனும் இல்லை. பக்கத்து ஊரில் இருக்கும் அக்கா குடும்பம் என்ன ஆனது என்று தெரியவே எங்களுக்கு மூன்று நாள் ஆனது. 2004 சுனாமி சமயத்தில் போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் தன் ஹாம் ரேடியோவை வைத்து அந்தமானிலிருந்து செய்தி சொல்லிக்கொண்டிருந்ததை அதற்கப்புறம்தான் படித்தேன். அந்த வேகத்தில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினேன். அதனால் எனக்கு வேண்டியது ஒன்றுதான்: கரண்ட் இல்லாவிட்டாலும், இன்டர்நெட் இல்லாவிட்டாலும், 12 வோல்ட் பேட்டரியில் எல்லாம் ஓட வேண்டும்.

ரிக், அதாவது ரேடியோ, என்னிடம் இருந்தது. ஹைதராபாத் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த யூபிட்எக்ஸ். பத்து வாட்டுக்குள் தரும் சின்ன ரேடியோ. குரலில் திணறும் தூரத்தை எஃப்டி8-ல் இதே பத்து வாட்டில் தொட்டுவிடலாம்.

விற்றவரும் கால்சைன் (லைசென்ஸோடு ஒவ்வொரு ஹாமுக்கும் தரும் அடையாளப் பெயர்) உள்ளவர். நம் வட்டத்தில் ஒருவர் கால்சைன் சொல்லிவிட்டால் பாதி நம்பிக்கை அங்கேயே வந்துவிடும். அப்படியும் நான் ஃபோனில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். (ஓ.எம். என்பது ஹாம்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் விதம்.)

"இன்டர்நெட் இல்லாம நேரம் நிக்குமா ஓ.எம்.?"

"நிக்கும் ஓ.எம். உள்ளே பேட்டரியோட ஆர்டிசி கடிகாரம் போட்டிருக்கேன்."

"ரிக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல ஐசொலேஷன்? ஒயர் நேரா தொடாம பிரிச்சிருக்கீங்களா?"

"டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம நான் எதையும் அனுப்பறதே இல்லை."

பெட்டியில் இருப்பதாக அவர் சொன்னது: புது பை 4 போர்டு, புது 64 ஜிபி கார்டு, 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் கன்வெர்ட்டர், சவுண்ட் கார்டு. இதற்கு மேல் "மென்பொருள் லைசென்ஸ்" என்று 2,500 ரூபாய். முழுப் பணமும் முதலிலேயே யுபிஐயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, ஹாபிக்காகச் செய்வதற்கு பில் எதற்கு என்றார். நானும் விட்டுவிட்டேன்.

பெட்டி வந்ததும் வைஃபையில் இணைத்தேன். எஃப்டி8 ஓட்டும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளில் வேறு யாருடைய கால்சைனோ இருந்தது. "டெஸ்ட்டுக்காக நண்பருடையதைப் போட்டேன், மாத்திக்குங்க" என்றார். மாற்றிக்கொண்டேன். பத்து நாள் அருமையாக ஓடியது. நான் அதை அணைக்கவே இல்லை.

பதினோராம் நாள் சாயங்காலம் மழையில் தெரு முழுக்கக் கரண்ட் போனது. ஹாமுக்கு அது நல்ல நேரம். ஊரில் உள்ள எல்இடி பல்பு, சார்ஜர் எல்லாம் அணைந்ததும் ரேடியோவில் இரைச்சல் அப்படியே அடங்கிவிடும். பெட்டியை பேட்டரிக்கு மாற்றி ஆன் செய்தேன். 14.074 மெகாஹெர்ட்ஸ். சிக்னல்கள் கோடாகத் தெரியும் வாட்டர்ஃபால் திரையில் நாற்று நட்ட மாதிரி வரிசையாகக் கோடுகள் இறங்குகின்றன. அவை டிகோட் ஆகி எழுத்தாக வர வேண்டிய இடத்தில் ஒரு வரிகூட இல்லை.

எஃப்டி8 நேரத்தை 15 செகண்ட் 15 செகண்டாக வெட்டி வைத்திருக்கிறது. அதற்குள் 12.64 செகண்ட் சிக்னல் போகும். கேட்கிறவர் கடிகாரம் ஒரு செகண்டுக்குள் சரியாக இருக்க வேண்டும். பை 4-ல் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. இன்டர்நெட்டிலிருந்துதான் நேரம் எடுத்துக்கொள்ளும். அது இல்லாவிட்டால் கார்டில் கடைசியாகப் பதிந்த நேரத்திலிருந்து ஓடத் தொடங்கும். திரையில் தேதியைப் பார்த்தேன். ஏப்ரல் 9 என்றிருந்தது. நாங்கள் இருந்ததோ கார்த்திகையில்.

ஃபோனைப் பார்த்துக் கையால் நேரத்தைச் சரிசெய்ததும் வரிகள் கொட்டத் தொடங்கின. சந்தோஷத்தில் ஒரு சிக்யூ (யார் வேண்டுமானாலும் பதில் தரலாம் என்ற பொது அழைப்பு) கொடுத்தேன். மவுஸ் உறைந்து நின்று மறுபடி வந்தது. அடுத்த சுற்றில் இத்தாலியிலிருந்து ஒருவர் பதில் கொடுத்தார். எஃப்டி8-ல் அழைக்கப்படுகிறவர் கால்சைன்தான் வரியில் முதலில் வரும். அங்கே இருந்தது என் கால்சைன் இல்லை. பத்து நாள் முன்பு நான் அழித்த கால்சைன். இன்னொருவர் கால்சைனில் ஒலிபரப்பிவிட்டேன். லைசென்ஸ் விதிப்படி அது தவறு. உடனே நிறுத்தி, நடந்ததை, தொடர்புகளைக் குறித்து வைக்கும் லாக் புத்தகத்தில் நேரத்தோடு எழுதி வைத்தேன். கை நடுங்கியது.

மறுநாள் பெட்டியைத் திறந்தேன். ஆர்டிசி என்று எதுவுமே இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் இருக்க வேண்டிய இடத்தில் ஹாட் குளூ ஒரு குவியல். கத்தியால் நெம்பியதும் ரிக்கிலிருந்து சவுண்ட் கார்டுக்கு இரண்டு ஒயர் நேராகப் போனது தெரிந்தது. ஒலிபரப்பும்போது மவுஸ் உறைந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ரேடியோ அலை ஒயர் வழியே கம்ப்யூட்டருக்குள் திரும்ப ஏறுகிறது. போர்டின் 2-ஆம் பின்னுக்கும் 6-ஆம் பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தேன். 5 இருக்க வேண்டிய இடத்தில் 4.58 வோல்ட். 4.63-க்குக் கீழே போனால் பை மஞ்சள் மின்னல் குறி காட்டி எச்சரிக்கும். அது திரை மூலையில் வந்து வந்து போனதைப் பத்து நாளாகப் பார்த்திருக்கிறேன், அர்த்தம் தெரியவில்லை.

கார்டை எஃப்3 என்ற இலவச மென்பொருளால் சோதித்தேன். எழுதுவதை எல்லாம் ஏற்றுக்கொண்டது. கழற்றி மறுபடி போட்டால் எழுதிய கோப்பு ஒன்றுகூட இல்லை. உழைத்துத் தேய்ந்த கார்டு அது. சில கார்டுகள் இப்படித்தான் சாகும்: எதையும் புதிதாகப் பதியாது, ஆனால் பதிந்த மாதிரி நடிக்கும். அணைத்து ஆன் செய்தால் பழைய நிலைக்கே திரும்பும். அதனால்தான் ஏப்ரல் தேதி. அதனால்தான் அந்தக் கால்சைன்.

அந்தக் கால்சைன்காரரின் மெயிலைத் தேடிப் பிடித்து எழுதினேன். அன்று ராத்திரியே ஃபோன் செய்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர். ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் தன் ராஸ்பெர்ரி பையை ரிப்பேருக்கு இதே ஆளிடம்தான் கொடுத்திருக்கிறார். "போர்டு எரிஞ்சு போச்சு சார், குப்பைதான்" என்று சொல்லி அந்த ஆள் திருப்பியே தரவில்லை. நான் அனுப்பிய படத்தில் யூஎஸ்பி துளை ஓரம் இருந்த சால்டரிங் சூட்டு வடுவைப் பார்த்ததும், "தம்பி, அது நான் போட்டது" என்றார். கார்டில் அவருடைய வைஃபை பாஸ்வேர்ட், லாக் முழுவதும், பிரவுசரில் திறந்தபடியே மெயில். நான் ஒன்றையும் தொடவில்லை. அவர் அன்று ராத்திரியே எல்லா பாஸ்வேர்டையும் மாற்றினார்.

விற்றவரிடம் கேட்டேன். "யூஸ் பண்ணத் தெரியாம கெடுத்துட்டீங்க ஓ.எம்." என்றார். அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் எழுதவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்திருக்கிறேன். பில் இல்லாவிட்டாலும் யுபிஐ ரசீதும் வாட்ஸாப் உரையாடலும் கையில் இருக்கின்றன. அவற்றை யாரும் அழித்துவிடாதீர்கள்.

அந்த 2,500 ரூபாய் "லைசென்ஸ்" பற்றியும் சொல்ல வேண்டும். எஃப்டி8-ஐ 2017-ல் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் உருவாக்கினார்கள். டெய்லர் 1993-ல் இயற்பியல் நோபல் பெற்றவர். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு லைசென்ஸ் கட்டணம் என்று யார் கேட்டாலும் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.

அதையும் மீறி இப்படி ஒன்றை வாங்கினால், வந்த அன்றைக்கே வைஃபையை அணைத்து, கரண்டைப் பிடுங்கி, ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி ஆன் செய்து தேதியைப் பாருங்கள். என் விஷயத்தில் அது ஒன்றே போதுமாக இருந்திருக்கும். அதில் வந்த கார்டை அப்படியே பயன்படுத்தாதீர்கள். புதுக் கார்டில் நீங்களே எல்லாவற்றையும் ஏற்றுங்கள். உங்கள் கருவியை ரிப்பேருக்குக் கொடுத்தால் கார்டைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள்.

இப்போது நான் புது போர்டு ஒன்றும், பேட்டரியோடு டிஎஸ்3231 கடிகாரமும், நல்ல கார்டும் தனித்தனியாக வாங்கி நானே சேர்த்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பிடித்தது. பை 5 வாங்குகிறவர்களுக்குக் கடிகாரம் போர்டிலேயே இருக்கிறது, பேட்டரி மட்டும் தனியாக வாங்க வேண்டும்.

ஆசிரியரின் கார்டைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். எழுத முடியாவிட்டாலும் படிக்க முடிந்தது. அவருடைய லாக் முழுசாகக் கிடைத்துவிட்டது. போர்டு புகாருக்கு ஆதாரமாக என்னிடம் இருக்கிறது. புகார் முடிந்ததும் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.