‘ஃபுல் சர்வீஸ் பண்ணினது’ என்று பழைய ஆம்ப்ளிஃபையர் விற்கிறார்களா? காசு கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையில் பழைய ஜப்பான் ஆம்ப்ளிஃபையர் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ‘ஒரிஜினல் ஜப்பான் பீஸ், ஃபுல் சர்வீஸ், கண்டென்சர் எல்லாம் புதுசு’ என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட ஒரு ஆம்ப், என் ஸ்பீக்கரின் வூஃபரை (கனத்த ஒலியைத் தரும் பெரிய பகுதி) எரித்துவிட்டது. ஆம்பின் விலையையும் வூஃபரின் விலையையும் கூட்டினால் அறுபதாயிரத்தைத் தாண்டுகிறது. புகார் கொடுக்கும் வேலை நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. மாடல் எண்ணையும் சொல்லப்போவதில்லை, அதைச் சொன்னால் கடையைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். ஆம்பைத் தயாரித்த கம்பெனி மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. 1980களில் அவர்கள் செய்து அனுப்பியது அருமையான சாமான். இங்கே வந்த பிறகு அதன் வயிற்றுக்குள் யாரோ செய்த வேலைதான் விவகாரம்.

கடையில் பார்த்தபோது பளபளவென்று இருந்தது. அலுமினிய முகப்பு, கனமான வால்யூம் குமிழ், பாட்டுக்கு ஆடும் ஊசி மீட்டர், சேனலுக்கு 80 வாட். “சார், இதெல்லாம் இனிமே கிடைக்காது. நேத்துகூட ஒருத்தர் அட்வான்ஸ் தரேன்னு நின்னார்” என்றார் கடைக்காரர். கூடவே 110 வோல்ட் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இலவசம். பின்பக்கத்தில் கடைப் பெயரோடு ‘ஃபுல்லி சர்வீஸ்டு’ என்று பெரிய ஸ்டிக்கர். சின்ன வால்யூமில் இரண்டு பாட்டு போட்டுக் காட்டினார். “ஸ்விட்சைப் போட்ட உடனே பாடுது பாருங்க, கொஞ்சம்கூட லேட் கிடையாது” என்று அவர் பெருமையாகச் சொன்ன ஒரு வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது. பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார். ஆறு மாத கியாரண்டி, அதுவும் வாய்வார்த்தையில்.

சில வாரங்கள் நன்றாகவே பாடியது. அப்புறம் ஒரு ராத்திரி, வால்யூம் பாதிகூட இல்லை, இடது ஸ்பீக்கரில் ‘டப்’ என்று ஒரு சத்தம். வூஃபரின் கோன் வெளியே தள்ளிக்கொண்டு அப்படியே நின்றது, திரும்பி உள்ளே வரவில்லை. பிளக்கைப் பிடுங்குவதற்குள் வார்னிஷ் கருகும் வாடை. கோனை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் போய்விட்டது.

மறுநாள் கடையில் கிடைத்த பதில்கள் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. முதலில் “உங்க ஸ்பீக்கர் வீக் சார்”. அது எடுபடவில்லை என்றதும் “இம்பிடன்ஸ் மேட்ச் ஆகலை”. கடைசியில் “உங்க ஏரியால கரண்ட் ஏறி இறங்குது, அதுக்கு நாங்க என்ன பண்றது?” கியாரண்டியைப் பற்றிக் கேட்டால், டிரான்சிஸ்டருக்கெல்லாம் கியாரண்டி கிடையாதாம். ரிப்பேர் செய்ய இன்னும் பன்னிரண்டாயிரம் கேட்டார்.

பணம் கொடுக்காமல் ஆம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நல்லவேளை. நகரத்தில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் கொஞ்சம் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வீட்டிலாவது கூடிப் பாட்டு கேட்பது வழக்கம். அவர்களில் ஒருவர் பணி ஓய்வு பெற்ற பிறகு பழைய ஆம்ப்களைச் சீர்செய்வதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர். சாமானுக்கு ஆகும் காசுக்கு மேல் ஒரு பைசா வாங்கமாட்டார். ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன்பே அவர் கேட்ட கேள்வி: “ஆன் பண்ணி நாலஞ்சு செகண்ட் கழிச்சு உள்ளே ‘டிக்’னு ஒரு சத்தம் வருமா தம்பி?”

வராது சார், போட்ட உடனே பாடும் என்றேன்.

“அப்படின்னா ரிலேயை ஷார்ட் பண்ணிட்டான்.”

மூடியைத் திறந்தால் அதேதான். ஸ்பீக்கருக்குப் போகும் பாதையில் இருக்கும் பாதுகாப்பு ரிலேயின் இரண்டு கால்களுக்குக் குறுக்கே தடிமனான கம்பி வைத்து ஈயம் பற்றவைத்திருந்தது. அந்த ரிலேயின் வேலை இதுதான்: ஸ்விட்ச் போட்டதும் உள்ளே வோல்டேஜ் நிதானப்படும்வரை காத்திருந்து, பிறகு ஸ்பீக்கரை இணைக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது டிசி வோல்டேஜ் (ஒரே திசையில் பாயும் மின்சாரம், ஸ்பீக்கருக்கு ஆகாது) கசிந்தால் உடனே துண்டித்துவிடும். உள்ளே கோளாறு இருந்தால் ரிலே இணையவே இணையாது, ஆம்ப் மௌனமாக இருக்கும். மௌனமான ஆம்பை யார் வாங்குவார்? கோளாறைத் தேடிச் சரிசெய்ய நேரமும் படிப்பும் வேண்டும். கம்பி வைக்க இரண்டு நிமிடம் போதும். தெர்மாமீட்டரை உடைத்துவிட்டுக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று சொல்கிற வைத்தியம்.

அதன் விளைவைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். இந்த அளவு ஆம்பின் உள்ளே ஏறத்தாழ 50 வோல்ட் டிசி இருக்கும். ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் அந்த 50 வோல்ட்டும் நேராக ஸ்பீக்கருக்குப் போகும். 8 ஓம் வூஃபரின் காயில் டிசிக்கு 6 ஓம் அளவில்தான் இருக்கும். ஆக 8 ஆம்பியருக்கு மேல் கரண்ட், 400 வாட்டுக்கு மேல் சூடு. கோன் அசையாமல் நிற்பதால் காற்றோட்டமும் கிடையாது. சில நொடிகளில் கருகாமல் என்ன செய்யும்?

சரி, டிரான்சிஸ்டர் ஏன் ஷார்ட் ஆனது? ஒரிஜினலைக் கழற்றிவிட்டு 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடியைப் போட்டிருந்தார்கள். தோஷிபாவின் புகழ்பெற்ற ஜோடி, 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட் தாங்கும். புகழ் அதிகமானதாலேயே டூப்ளிகேட்டும் அதிகம். மேலே எழுத்தெல்லாம் கனகச்சிதமாக அச்சடித்திருப்பார்கள், உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு சின்னதாக இருக்கும். சார் எரியாமல் மிச்சமிருந்த வலது பக்கத்து டிரான்சிஸ்டர்களைக் கழற்றி, கலெக்டர், பேஸ் என்ற இரண்டு கால்களுக்கு இடையில் மின்தேக்குத் திறன் எத்தனை பிகோஃபாரட் என்று அளந்தார். சில்லு சின்னதானால் இந்த அளவும் குறையும். டேட்டா ஷீட்டில் 5200க்கு 200, 1943க்கு 360 என்று இருக்கிறது. இவை அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. எரிந்துபோன ஒன்றைக் குறடால் உடைத்து, உள்ளே இருந்த சின்னச் சில்லைக் காட்டினார். எழுத்தையும் பளபளப்பையும் பார்த்து நாம் எதையும் கண்டுபிடிக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்து அந்த ஸ்டிக்கர். பின்பக்கத்து ‘ஃபுல்லி சர்வீஸ்டு’ ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தால் அடியில் ‘ஏசி 100 வோல்ட்’ என்று கம்பெனி அச்சு. ஜப்பான் உள்நாட்டு மின்சாரம் 100 வோல்ட், அங்கே விற்பதற்காகச் செய்த பீஸ் இது. கடைக்காரர் கொடுத்ததோ 220ஐ 110 ஆக்குகிற டிரான்ஸ்ஃபார்மர், அதாவது வருவதைப் பாதியாக்குவது. நம் வீட்டில் 230 வந்தால் வெளியே 115. நூறு எதிர்பார்க்கிற கருவிக்கு 15 சதவீதம் கூடுதல். உள்ளே 45 வோல்ட்டுக்கு வடிவமைத்த இடம் 52ஐத் தொடும். கடைக்காரர் ‘எல்லாம் புதுசு’ என்று சொன்ன கண்டென்சர்களோ (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகங்கள்) 50 வோல்ட் மட்டுமே தாங்குபவை. எல்லாமும் புதுசில்லை என்பது வேறு கதை. மேல்மூடியின் சல்லடை வழியாகப் பார்த்தால் தெரிகிற இரண்டு பெரிய கண்டென்சர்கள் மட்டும் புதுசு. அடியில் இருந்ததெல்லாம் பிறந்த நாளிலிருந்து அங்கேயே இருப்பவை.

எனக்கு இதைவிட ஆச்சரியமாக இருந்தது வேறொன்று. அந்த மாடலை வாழ்நாளில் திறந்திராத நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, “இங்க மஞ்சள் பசை இருக்கும் பாரு” என்று சார் ஒரு மூலையைக் காட்டினார். இருந்தது. அந்தக் காலத்து ஜப்பான் கம்பெனிகள் பெரிய பாகங்கள் ஆடாமல் இருக்கத் தடவிய பசை, வருடக்கணக்கில் சூடு பட்டுப் பழுப்பாகி, பக்கத்திலிருக்கும் பாகங்களின் கால்களை அரிக்கும், கரண்டையும் கடத்த ஆரம்பிக்கும். ஒழுங்காக சர்வீஸ் செய்கிறவர்கள் முதலில் சுரண்டி எடுப்பது அதைத்தான். என் ஆம்பில் அது அப்படியே இருந்தது.

இது அவர் ஒருவரே கண்டுபிடித்த ரகசியம் கிடையாது. எந்த மாடலில் எந்த இடம் முதலில் போகும், பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடவேண்டிய சிறு கரண்டின் அளவு) எத்தனை மில்லிவோல்ட் வைக்கவேண்டும், ஒரிஜினல் டிரான்சிஸ்டர் கிடைக்காவிட்டால் எது ஒத்துப்போகும் என்பதையெல்லாம் இந்த ஆர்வலர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி, சர்வீஸ் மேனுவலை நகலெடுத்துக் கொடுத்து, எரித்தும் கற்றும் சேர்த்துவைத்திருக்கிறார்கள். விற்றுவிட்டுப் போகிற கடைக்காரருக்கு அந்த விவரம் தேவையே இல்லை. பல பாகங்களை ஒரே கட்டையில் அடக்கிய சான்யோவின் எஸ்டிகே ஐசி போட்ட ஆம்ப் என்றால் ஒதுங்கு, அது இப்போது தயாரிப்பில் இல்லை, சந்தையில் கிடைப்பதை நம்பமுடியாது என்பார்கள். சிடி பிளேயரில் டிஜிட்டலை ஒலியாக மாற்றும், கிரீடச் சின்னம் போட்ட ஃபிலிப்ஸ் டிடிஏ1541ஏ சிப் மலிவாக வந்தால் சந்தேகப்படு என்பார்கள். மேற்கு ஜப்பானில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கிருந்து வரும் சிங்க்ரோனஸ் மோட்டார் (ஹெர்ட்ஸைப் பொறுத்து வேகம் மாறுவது) வைத்த டர்ன்டேபிள், அதாவது ரெக்கார்டு பிளேயர், நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் மெதுவாகச் சுற்றும், புல்லியை மாற்றாமல் வாங்காதே என்று எனக்குத் தெரிந்த ஒருவரைத் தடுத்ததும் இவர்கள்தான்.

இவர்கள் சொல்வதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். மல்டிமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். ஸ்பீக்கர் ஒயரை மாற்றினால் மிருதங்கத்தின் தொப்பி தனியாகக் கேட்கும் என்று ஆரம்பித்தால் டீ குடிக்க எழுந்துவிடுங்கள். ஆர்வலர் வேஷத்தில் கமிஷனுக்குக் கடை காட்டுகிறவர்களும் உண்டு. ஒரே கடையையே திரும்பத் திரும்பச் சொன்னால் உஷார்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. கடைக்குப் போகும்போது ஒரு மல்டிமீட்டரை எடுத்துப் போங்கள், முன்னூறு ரூபாய் மீட்டர் போதும். அந்த மாடலைத் திறந்து பார்த்த ஒருவரையும் அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது. மேல்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், ‘சீல் உடையும்’ என்று மறுத்தால் கிளம்பிவிடுங்கள். நாற்பது வருடப் பெட்டிக்கு ஏது சீல்? ஆன் செய்ததும் சில நொடி தாமதமும் ‘டிக்’ சத்தமும் வருகிறதா என்று கேளுங்கள். சில எளிய மாடல்களில் ரிலேயே இருக்காது, அதை முன்கூட்டியே ஆர்வலர்களிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். பின்பக்கத்து வோல்டேஜ் அச்சைக் கண்ணால் பாருங்கள், மேலே ஸ்டிக்கர் இருந்தால் உரிக்கச் சொல்லுங்கள். முதல் தடவை ஸ்விட்ச் போடும்போது சீரிஸ் பல்பு வழியாக, அதாவது கரண்ட் வரும் பாதையில் ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்து, போடச் சொல்லலாம். பல்பு ஒரு தரம் மின்னி மங்கினால் சரி, பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். வால்யூம் குமிழ் பக்கம் எண்ணெய் வாடை அடித்தால், கரகர சத்தத்தை மறைக்க எதையோ பீச்சியிருக்கிறார்கள்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். யூபிஐயில் பணம் கட்டியிருந்ததும், கடைக்காரர் அனுப்பிய ‘ஃபுல் சர்வீஸ்’ வாட்ஸ்அப் செய்தியும்தான் இப்போது என் கையில் இருக்கும் ஆதாரம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தாயிற்று. கடை மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கியது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போகவேண்டும். ரிலேயில் வைத்த கம்பியைக் கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து வைத்தோம், அதையும் சேர்த்துக் கொடுக்கப்போகிறேன்.

ஏற்கெனவே இப்படி ஒரு ஆம்ப் வாங்கி வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், இன்றைக்கே ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றுங்கள். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஆன் செய்து, பத்து நிமிடம் சூடேறிய பிறகு ஒவ்வொரு சேனலின் ஸ்பீக்கர் டெர்மினலிலும் டிசி வோல்டேஜை அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 100ஐத் தாண்டினால் விஷயம் தெரிந்த ஒருவர் பார்க்கும்வரை ஸ்பீக்கரைத் திரும்ப மாட்டவேண்டாம்.