மூன்று புத்தகத்தோடு கதை முடியும் என்று நம்பி வாங்காதீர்கள்

பிள்ளைகளுக்கு டிராகன் கதை பிடிக்கிறது என்று ‘எராகன்’ தொடரைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆன்லைனில் இந்தத் தொடரை ‘கம்ப்ளீட் ட்ரிலஜி, மூன்று புத்தகங்கள்’ என்ற தலைப்பில் விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள். தொடரில் இருப்பது நான்கு புத்தகங்கள். மூன்றாவதில் கதை முடியவில்லை என்பது மட்டுமல்ல, முடிவின் அருகில்கூட வரவில்லை.

என் அண்ணன் மகள் எட்டாம் வகுப்பு. பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது இந்தத் தொடரைத்தான் கேட்டாள். பெரிய ஷாப்பிங் தளம் ஒன்றில், நல்ல ரேட்டிங் வைத்திருந்த விற்பனையாளரிடம் வாங்கினேன். முதல் இரண்டையும் சாப்பாட்டு மேசையில்கூட கீழே வைக்காமல் படித்தாள். மூன்றாவதை முடித்த அன்று இரவு போன் வந்தது. “அத்தை, ராஜா இன்னும் சாகவே இல்லை. அடுத்த புக் எங்கே?” அடுத்தது கிடையாது, அது மூன்று புத்தகத் தொடர் என்றேன். “நீங்களே படிச்சுப் பாருங்க” என்று போனை வைத்துவிட்டாள். படித்துப் பார்த்தேன். அவள் கோபம் நியாயம்தான். (இதற்குக் கீழே மூன்றாம் பாகம் வரையிலான கதை வெளிப்படும். வேண்டாதவர்கள் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.)

இந்த ‘ட்ரிலஜி’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்பனையாளர் தொங்கிக்கொண்டிருப்பது அதைப் பிடித்துத்தான். கிறிஸ்டோபர் பவோலினி அமெரிக்காவின் மொன்டானாவில் வளர்ந்தவர். வீட்டிலேயே படித்து 15 வயதில் பள்ளிப்படிப்பை முடித்து, உடனே முதல் புத்தகத்தை எழுத ஆரம்பித்தார். பெற்றோரின் சொந்தப் பதிப்பகத்தில் வெளியிட்டு, பள்ளிக்கூடங்களிலும் நூலகங்களிலும் பழங்கால உடை போட்டுக்கொண்டு அவரே போய்ப் பேசி விற்றார். 2003-ல் பெரிய பதிப்பகம் ஒன்று அதை எடுத்து வெளியிட்டது. 2005-ல் ‘எல்டெஸ்ட்’. அதுவரை மூன்று புத்தகத்தில் முடியும் என்பதுதான் திட்டம், எல்லா இடத்திலும் அப்படித்தான் சொல்லப்பட்டது. 2007 அக்டோபரில், மூன்றாவது புத்தகம் ஒரே நூலில் அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்டதால் அதை இரண்டாக்கி நான்காவது ஒன்றும் வரும் என்று அவரே அறிவித்தார். 2008 செப்டம்பரில் ‘பிரிசிங்கர்’ வந்தது. நான்காவதான ‘இன்ஹெரிட்டன்ஸ்’ 2011 நவம்பரில்.

ஆக, எழுத்தாளர் எதையும் மறைக்கவில்லை. மூன்றாவது வருவதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே சொல்லிவிட்டார். இத்தனை வருடம் கழித்தும் பழைய பெயரை வைத்து மூன்றை மட்டும் கட்டி ‘முழுத் தொடர்’ என்று விற்பவர்தான் ஏமாற்றுகிறார்.

ஆனால் புத்தகத்தின் மேலேயே எனக்கு இருக்கும் வருத்தம் வேறு, அதையும் சொல்லத்தான் வேண்டும். நான்கு பாகம் என்று தெரிந்தே படித்தாலும் பிரிசிங்கர் ஒரு நடுப்பாகமாகவும் சரியாக நிற்கவில்லை.

இரண்டாம் பாகத்தின் முடிவு அபாரம். எரியும் சமவெளிப் போரில், டிராகன் ஓட்டும் பையனான எராகனின் பழைய நண்பன் மர்டாக், சிவப்பு டிராகன் தார்னின் மேல் எதிரியாக வருகிறான். நாம் இருவரும் அண்ணன் தம்பி, ராஜாவோடு சேர்ந்துகொண்ட துரோகி மோர்சானின் பிள்ளைகள் என்கிறான். மூத்தவனுக்குச் சேர வேண்டிய சொத்து என்று எராகனின் வாளையும் பிடுங்கிக்கொண்டு போகிறான். இரண்டு பாகமாக எராகனோடு கூடவே வந்த வாசகருக்கு அது நெஞ்சில் இடி. தான் யாரை வெறுத்தானோ அவனுடைய ரத்தமே தன் உடம்பில் ஓடுகிறது என்பதை வைத்துக்கொண்டு இந்தப் பையன் இனி எப்படி வாழப் போகிறான்? மூன்றாம் பாகத்தைத் திறப்பதே அதற்காகத்தான்.

மூன்றாம் பாகம் என்ன செய்கிறது? பாதிக்கு மேல் போன பிறகு, உன் அப்பா மோர்சான் இல்லை, உன் குரு பிராம்தான் என்று சொல்லிவிடுகிறது. முதல் புத்தகத்தில் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய அதே நல்ல மனிதர். மர்டாக்கும் எராகனும் அம்மா வழியில் மட்டும் சகோதரர்கள். அவ்வளவுதான், அந்த இடி நமுத்துப் போய்விடுகிறது. மோர்சானின் மகன் என்ற பாரத்தை எராகன் சுமந்து பார்ப்பதற்குள் ஆசிரியரே வந்து இறக்கி வைத்துவிடுகிறார். பிராம்தான் அப்பா என்று யூகித்தவர்கள் அப்போதே நிறையப் பேர் என்பார்கள். இருக்கலாம். யூகித்தவர்களுக்குத் திருப்தி கிடைத்திருக்கும். ‘எல்டெஸ்ட்’ முடிவை நம்பியவர்களுக்குத்தான் நஷ்டம்.

அப்புறம் அந்த வாள். எராகனிடம் வாள் இல்லாமல்தான் புத்தகமே தொடங்குகிறது. கோலும் இரவல் ஆயுதங்களுமாக வண்டி ஓடுகிறது. மெனோவா மரத்தின் வேருக்கு அடியில் ஆயுதம் இருக்கிறது என்று சோலெம்பம் என்ற பூனை முதல் புத்தகத்திலேயே சொல்லிவிட்டது. ஆனால் அவன் அந்த மரத்தடிக்குப் போய்ச் சேர்வது 700 பக்கத்துக்கு மேல் இருக்கும் இந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதியில். போய்ச் சேர்ந்த பிறகு வருகிற அத்தியாயத்தைக் குறை சொல்ல மாட்டேன். இனி வாள் செய்ய மாட்டேன் என்று சபதம் எடுத்த ரூனன் என்ற எல்ஃப் கொல்லர், சபதத்தை மீறாமல் இருக்க எராகனின் கைகளைத் தன் மனதால் இயக்கி, மரத்தடியில் கிடைத்த உலோகத்திலிருந்து வாளை அடிக்க வைக்கிறாள். இரும்பு காய்வதும் மடிவதும் அத்தனை நுணுக்கமாக இருக்கும். என் மருமகள் அந்த அத்தியாயத்தை மட்டும் மறுபடி படித்தாள்.

சரி, நடுவில் என்ன நடக்கிறது? நிறைய நடக்கிறது, எதுவும் நகரவில்லை. ஆரம்பம் விறுவிறுப்புதான்: ஹெல்கிரிண்ட் மலைக்குப் போய் எராகனின் மாமா மகன் ரோரனின் காதலி கத்ரினாவை மீட்கிறார்கள், அவளைப் பிடித்து வைத்திருந்த ராஸாக் பிராணிகளின் கதை முடிகிறது. கத்ரினாவின் அப்பா, துரோகம் செய்த கசாப்புக்காரர் ஸ்லோனை என்ன செய்வது என்று எராகன் தவிக்கும் பக்கங்கள் இந்தத் தொடரிலேயே மிக முதிர்ச்சியானவை. கொல்லவும் மனம் வரவில்லை, விட்டுவிடவும் வழியில்லை. அதற்குப் பிறகுதான் எராகனை இங்கும் அங்கும் அனுப்புகிறார்கள். ராஜாவை எதிர்க்கும் வார்டன் படைக்குத் திரும்பு, ஒரு கல்யாணம் நடத்தி வை, குள்ளர்கள் நாட்டுக்குப் போ, அவர்கள் புது ராஜாவைத் தேர்ந்தெடுக்கும் வரை இரு, அங்கிருந்து எல்ஃப்கள் காட்டுக்குப் போ, மறுபடி போர்முனைக்கு வா. குள்ளர் குலங்களின் சபை பல அத்தியாயங்கள் ஓடுகிறது. கடைசியில் எல்லோரும் எதிர்பார்த்த ஓரிக்தான் ராஜா ஆகிறார்.

முக்கிய எதிரியான ராஜா கால்படோரிக்ஸ் மூன்று புத்தகத்திலும் ஒருமுறைகூட நேரில் வருவதில்லை. இதில் மர்டாக்கின் வாய் வழியாகப் பேசுகிறான், அதோடு சரி. மூன்றாவது டிராகன் முட்டை அவனிடமே கிடக்கிறது. எராகனுக்கும் எல்ஃப் பெண் ஆர்யாவுக்கும் இடையிலான காதல் விஷயம் அந்தரத்திலேயே நிற்கிறது. மூலிகைக்காரி ஏஞ்சலா முதல் புத்தகத்தில் சொன்ன குறியில் முக்கியமான பாதி அப்படியே பாக்கி. ஃபைன்ஸ்டர் என்ற ஒரு நகரத்தைப் பிடித்ததோடு புத்தகம் முடிகிறது. பந்தியில் உட்கார வைத்து, அப்பளத்தைப் போட்டுவிட்டுத் தாம்பூலப் பையைக் கையில் கொடுத்து அனுப்பினால் எப்படி இருக்கும்?

எராகனுக்குப் பாடம் சொன்ன எல்ஃப் குரு ஓரோமிஸும் அவருடைய தங்க டிராகன் கிளேடரும் கில்ஈட் போரில் விழும் காட்சி மட்டும் விதிவிலக்கு. அந்தக் கிழட்டு டிராகனின் மனதுக்குள் இருந்தே அதைப் பார்க்கிறோம். என் மருமகள் அழுதிருக்கிறாள், நானும் கொஞ்சம் அப்படித்தான். இந்த அளவுக்கு எழுதத் தெரிந்த ஒருவர் எதற்காக அத்தனை பக்கம் பயணம் செய்ய வைத்தார் என்ற எரிச்சல் அங்கே இன்னும் கூடிவிட்டது.

இப்போது விற்பனையாளர் பக்கம் வருகிறேன். எங்களுக்கு வந்த மூன்றாவது புத்தகம் அசல் பதிப்பே இல்லை என்று நினைக்கிறேன். தாள் செய்தித்தாள் போல மெலிசு, பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் தெரிகிறது. சில பக்கங்களில் அச்சு வெளிறி இருக்கிறது, சில பக்கங்கள் கோணலாக வெட்டுப்பட்டிருக்கின்றன. உள் ஓரம் முதுகோடு ஒட்டிப் போனதால் புத்தகத்தைப் பிளந்துதான் படிக்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு பைண்டிங்கில் ஒரு ஃபாரம் இரண்டு தடவை சேர்ந்து, அடுத்த ஃபாரம் விட்டுப் போயிருக்கிறது. அதாவது 16 பக்கம் திரும்ப வரும், 16 பக்கம் இருக்காது. அது நடந்திருப்பது குள்ளர் சபை அத்தியாயங்களுக்குள். ‘திரும்ப வருதே, சொல்லலையா நீ?’ என்று கேட்டேன். ‘அவங்க மறுபடி அதையேதான் பேசுறாங்கன்னு நினைச்சேன் அத்தை’ என்றாள். விமர்சனம் எழுத இதைவிட நல்ல வரி எனக்குக் கிடைக்கவில்லை.

திருப்பி அனுப்பக் கேட்டால் ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். இந்த வியாபாரத்தின் சூட்சுமமே இதுதான். மூன்று தடித்த புத்தகங்களை ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் போய்க்கொண்டு ஏழு நாளில் முடிக்க முடியாது. கதை முடியவில்லை என்பது கடைசிப் பக்கத்துக்குப் போனால்தானே தெரியும்? தெரியும்போது கெடு தாண்டியிருக்கும். விற்பனையாளரிடம் கேட்டதற்கு, ‘மூன்று புத்தகம்னு போட்டிருக்கோம், மூன்று அனுப்பியிருக்கோம் மேடம்’ என்று பதில் வந்தது. ‘கம்ப்ளீட்’ என்ற சொல்லைப் பற்றிக் கேட்டதும் பதில் நின்றுவிட்டது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, பொருள் குறையுள்ளதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாடிக்கையாளர் சேவை அரட்டைப் பெட்டியோடு மல்லுக்கட்டாமல் அந்த அதிகாரியின் மின்னஞ்சலைத் தேடி நேராக எழுதுங்கள். தளத்தின் அடிப்பகுதியில் சின்ன எழுத்தில் இருக்கும். அங்கும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் விற்பனைப் பக்கத்தின் தலைப்பு தெரியும்படி ஸ்கிரீன்ஷாட்டும், திரும்ப வந்த பக்கங்களின் எண் தெரியும்படி படமும் அனுப்பினேன். மூன்றாவது புத்தகத்துக்கு மட்டும் பணம் வந்தது, அதுவும் பைண்டிங் குறை என்று சொல்லி. ‘முழுத் தொடர்’ என்று விற்றது பொய் என்பதை அவர்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை.

வாங்கப் போகிறவர்கள் நான்கு பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள்: எராகன், எல்டெஸ்ட், பிரிசிங்கர், இன்ஹெரிட்டன்ஸ். இந்த வரிசைதான். 2023-ல் வந்த ‘மர்டாக்’ இதற்குப் பின்னால் நடக்கும் தனிக்கதை, இப்போதைக்கு வேண்டாம். முடிந்தால் கடையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். ஆன்லைன்தான் என்றால் பார்சல் வந்த அன்றே ஒவ்வொரு புத்தகத்திலும் பக்க எண்களை வேகமாகப் புரட்டிப் பாருங்கள். மூன்றாவது கையில் இருக்கும்போதே நான்காவதும் வீட்டில் இருக்கட்டும். மூன்றாவதை முடித்துவிட்டு 2008-ல் காத்திருந்தவர்களுக்கு மூன்று வருடம் ஆனது, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தண்டனை தேவையில்லை.

நான்காவதை ஊரில் உள்ள கடையில் சொல்லி வைத்து வாங்கிக் கொடுத்துவிட்டேன். 800 பக்கத்துக்கு மேல். இதிலாவது ராஜா நேரில் வருகிறானா என்று மட்டும் முதலில் கேட்டாள், வருகிறான் என்றேன். அந்த விற்பனையாளரின் பக்கம் இன்று காலை வரை அதே தலைப்போடு இருக்கிறது.