கோடை வேலையைப் பொறுத்துத்தான் பயணம்: ஆறு வேலைகள், மூன்று பயணங்கள்

விடுமுறைக்கு வேலை தேடும்போது எல்லோரும் முதலில் கேட்பது மணிக்கு எவ்வளவு தருவார்கள் என்றுதான். கல்லூரி திறப்பதற்குமுன் ஒரு வாரம் மலைக்கோ ஆற்றுக்கோ போகும் எண்ணமும் இருந்தால், அதோடு இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை முடியும் தேதி உறுதியா? கடைசிச் சம்பளம் எப்போது கைக்கு வரும்? புறப்படும் நாளில் உடம்பு என்ன நிலையில் இருக்கும்? கூலியில் மேலே நிற்கும் சில வேலைகள் இந்த மூன்றிலும் கவிழ்ந்துவிடுகின்றன.

கிடங்கா, பழத்தோட்டமா?

முன்அனுபவம் கேட்காமல் உடனே எடுத்துக்கொள்ளும் வேலைகள் இவை இரண்டும். இரண்டிலும் உடல் உழைப்புதான் என்றாலும், உடம்பை அவை பழக்கும் விதம் வேறு வேறு.

கிடங்கில் அடுக்குகளிலிருந்து பொருள் எடுத்துத் தரும் வேலையில், ஒரு ஷிப்டுக்குப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் நடை சாதாரணம். இவ்வளவு நடப்பவர்களுக்கு மலை எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் அந்த நடை முழுவதும் சமதளக் கான்கிரீட்டில். மலையில் கால்களைப் படுத்துவது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. பழகாத தசையில் இதனால் நுண்ணிய சிதைவுகள் உண்டாகி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போகும். முதல் நாள் ஜம்மென்று இறங்கி வந்தவர், மறுநாள் காலையில் குந்தி உட்கார முடியாமல் தவிப்பது இதனால்தான். ஒருமுறை இப்படி நொந்து தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் அவ்வளவாக நோகாது. ஆகவே கடைசி நான்கு வாரங்களில், வாரம் இருமுறை, முதுகில் 8 கிலோ சுமந்து பத்து மாடிப் படிகளையாவது இறங்கிப் பழகுங்கள். மேலே போவதற்கு லிஃப்ட் பிடித்தாலும் குற்றமில்லை. இறங்குவதுதான் கணக்கு.

இரவு ஷிப்டுக்குக் கூடுதல் கூலி கிடைக்கும். ஆனால் உடலின் உள்கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். பகலில் தூங்கிப் பழகியவர் வெள்ளிக்கிழமை ஷிப்டை முடித்துவிட்டு ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு நடக்கத் தொடங்கினால், பாறைச் சரிவில் அரைத் தூக்கத்தில்தான் கால் வைப்பார். இடையில் ஐந்து முதல் ஏழு நாள் இல்லாவிட்டால், இரவு ஷிப்டையும் மலையையும் ஒன்றாகத் திட்டமிடாதீர்கள்.

பழம் பறிப்பில் கூலி பெரும்பாலும் பெட்டிக் கணக்கு. கை வேகம் வர ஒரு வாரம் ஆகும், அதுவரை வரும்படி குறைவுதான். ஆப்பிள் போன்ற பழங்களுக்குத் தோளில் மாட்டும் பை நிறைந்தால் 18 முதல் 20 கிலோ வரும். அந்தச் சுமையோடு மூன்று கால் ஏணியில் ஏறி இறங்குவதால், தொடையும் முழங்காலும் மலைக்குத் தேவையான விதத்திலேயே உறுதிப்படும். கிடங்கு தராத பயிற்சி இது. சரிவில் ஏணி போடும்போது மூன்றாவது காலை மேட்டுப் பக்கம் ஊன்ற வேண்டும். பள்ளத்துப் பக்கம் ஊன்றினால், பை நிறைந்த நேரத்தில் ஏணி கவிழும்.

தோட்டத்தின் முதல் ஆபத்து வெயில். புதிதாகச் சேர்பவர் முதல் நாள் முழு வேலையில் 20 சதவீத நேரம் மட்டும் வெயிலில் நின்று, பிறகு நாளுக்கு 20 சதவீதத்துக்கு மிகாமல் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்கிறது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு அமைப்பான நியாஷ். தாகம் எடுக்கிறதோ இல்லையோ, 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர், அதாவது சுமார் 240 மி.லி. குடிக்க வேண்டும். இப்படிப் பழகிய உடம்பு வெப்பமான பாதைகளில் நன்றாகக் கைகொடுக்கும். ஆனால் வெயிலை விட்டு ஒரு வாரம் விலகினாலே அந்தப் பழக்கம் கணிசமாகக் குறைந்துவிடும். தோட்ட வேலை முடிந்த நான்கைந்து நாளில் புறப்படுபவர்களுக்குத்தான் முழுப் பலன்.

இவ்வளவு நல்லது சொல்லியும், பயணம் போகும் மாணவருக்குத் தோட்டத்தைத் தயங்காமல் சிபாரிசு செய்ய முடியவில்லை. காரணம், பழம் உங்கள் காலண்டரைப் பார்த்துப் பழுப்பதில்லை. குளிர் நீடித்தால் அறுவடை பத்து நாள் தள்ளிப்போகும், மழை பிடித்தால் இன்னும் இழுக்கும். சீசன் முடியும்வரை இருப்பவர்களுக்கு மட்டும் போனஸ் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கலாம். கையெழுத்துப் போடும்போதே அதைத் தேடிப் பாருங்கள். இருந்தால், அந்த போனஸ் உங்கள் பயணத்தோடு நேரடியாக மோதும்.

நீச்சல் குளமா, கோடை முகாமா?

நீச்சல் குளத்தில் லைஃப்கார்டாக இருப்பதன் பெரிய லாபம் பயிற்சிதான். இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி மூச்சு ஊதும் சி.பி.ஆர். முதலுதவியில், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், 5 முதல் 6 செ.மீ. ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்று கையில் பதிந்த பாடம், உதவி வர மணிக்கணக்கில் ஆகும் இடத்தில் குழுவுக்கே சொத்து. குறை, நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது. மழை வந்தால் குளத்தை மூடிவிடுவார்கள், அன்றைய கூலியும் போகும். பயணச் செலவைக் கணக்கிடும்போது வாரத்துக்குச் சொன்ன மணிநேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தே கணக்குப் போடுங்கள்.

லைஃப்கார்டுகள் செய்யும் தவறு ஒன்று உண்டு. குளத்து நீச்சல் ஆற்றுக்கும் போதும் என்று நினைப்பது. ஓடும் தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்கத்தான் மனம் சொல்லும். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரில் அப்படி நின்றால், பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொள்ளும், பின்னாலிருந்து வரும் நீர் உடம்பை முன்னே அமுக்கும். மல்லாந்து, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரிய, பாதங்களை நீரோட்டத் திசையில் நீட்டி மிதந்து கரை ஒதுங்க வேண்டும். மிகக் குளிர்ந்த நீருக்கு 1-10-1 என்ற கணக்கு இருக்கிறது. மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். லைஃப் ஜாக்கெட் இருந்தால்தான் கடைசி எண்ணுக்கு அர்த்தம்.

சிறுவர்களுக்கான முகாமில் வழிகாட்டி வேலைக்குச் சம்பளம் குறைவு. ஆனால் சோறும் தங்குமிடமும் அங்கேயே கிடைப்பதால், வாங்கியது அப்படியே மிஞ்சும். டென்ட் அடிப்பதும் அடுப்பு பற்றவைப்பதும் கைப்பழக்கமாகிவிடும். பல முகாம்களில் சீசன் முடிந்ததும் சாமான்களை இரவல் கேட்கலாம். மழைச்சட்டையும் ஸ்லீப்பிங் பேகும் இரவலாகக் கிடைத்தாலே பயணச் செலவில் பெரும்பகுதி மிச்சம். வேலை முடியும் தேதியும் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். சிக்கல் தொற்றுதான். நூறு பிள்ளைகளோடு இருக்கும் இடத்தில் இருமலும் வயிற்றுப்போக்கும் கடைசி வாரத்தில் உங்களையும் பிடிக்கலாம். முகாம் முடிந்த மறுநாளே மலையேறாமல் நான்கு நாள் விடுங்கள். அதற்கு மனமிருந்தால், ஆறு வேலைகளில் என் வாக்கு இதற்குத்தான்.

உணவகமும் அலுவலகமும்

இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பரிமாறும் வேலையில் டிப்ஸ் உடனுக்குடன் கைக்கு வருவதால், கடைசிச் சம்பளத்துக்காகக் காத்திருக்கும் தொல்லை குறைவு. சனி, ஞாயிறு லீவு கிடைக்காது, திங்கள் செவ்வாயில் கிடைக்கும். அந்த நாட்களில் பாதைகள் காலியாக இருக்கும் என்பதால் ஒரு நாள் நடைகளுக்கு அதுவே வசதி. அலுவலக இன்டர்ன்ஷிப்பில் தேதி கல்லில் எழுதியதுபோல் உறுதி, உடம்புதான் ஒன்றுக்கும் உதவாமல் போகும். எட்டு வாரம் முன்பே நடக்கத் தொடங்கி, வாரத்துக்குப் பத்து சதவீதம்போல தூரத்தைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். சம்பளமில்லா இன்டர்ன்ஷிப் என்றால் இந்த அலசலே வேண்டாம், பயணத்துக்குக் காசு வேறெங்கிருந்தாவது வர வேண்டும்.

எந்தப் பயணம்?

கையில் ஒரு வாரம் இருந்தால் பொதுவாக மூன்று வழிகள்: மலைநடை, ஆற்றில் படகு, சைக்கிள்.

மலைநடையில் தவறுவது நேரக் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 15 கி.மீ. தூரமும் 900 மீ. ஏற்றமும் என்றால் நாலரை மணி நேரம். அது பழகிய காலுக்கான, நிற்காமல் நடக்கும் கணக்கு. சுமையோடு போகும் மாணவர் குழு அதில் பாதியைக் கூட்டி, ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது. உலர் உணவு ஆளுக்கு நாளொன்றுக்கு 600 முதல் 800 கிராம் போதும். அடுப்புக்கு வெறும் பியூட்டேன் குப்பியை வாங்கிவிடாதீர்கள். பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி என்பதால், உறைபனிக் காலையில் குப்பி நிறைய வாயு இருந்தும் அடுப்பு எரியாது. புரொப்பேன் கலந்தது வேண்டும். ஓடைத் தண்ணீரைத் தளதளவென்று கொதித்தபின் 1 நிமிடமும், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடமும் காய்ச்ச வேண்டும்.

படகில் சுமை முதுகில் இல்லை, தோட்டத்தில் காய்த்துப்போன கைகளுக்குத் துடுப்பும் இலகு. ஆனால் ஏறிய இடத்துக்கும் இறங்கும் இடத்துக்கும் இடையே வண்டி ஏற்பாடு வேண்டும். செலவு எகிறுவது அங்கேதான். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, நண்பரை இரண்டு தோள்பட்டியையும் மேலே இழுக்கச் சொல்லுங்கள். அது காதுவரை வந்தால் அளவு பெரிது, வேறு எடுங்கள்.

சைக்கிள் வீட்டு வாசலிலிருந்தே கிளம்பும், ஆக மலிவானது இதுதான். முழுச் சுமையையும் பின்னால் கட்டினால், பின்சக்கரத்தில் பல்சக்கரம் இருக்கும் பக்கத்துக் கம்பிகள் ஒடியத் தொடங்கும், ஏனென்றால் மற்றப் பக்கத்தைவிட அங்கே இழுவிசை அதிகம். மாற்றுக் கம்பி மட்டும் எடுத்துப்போய்ப் பயனில்லை. பல்சக்கரத் தொகுதியைக் கழற்றும் கருவியும் பையில் இருக்க வேண்டும். சுமையில் ஒரு பங்கை முன்சக்கரப் பைகளுக்கு மாற்றுவது அதைவிட எளிது. தேதி உறுதியில்லாத வேலையில் இருப்பவர்களுக்கும் சைக்கிள்தான் ஏற்றது, முன்பதிவு எதுவும் வேண்டாமே.

காசும் காலண்டரும்

வேலை நின்ற நாளிலேயே கடைசிச் சம்பளம் வராது. பல இடங்களில் அடுத்த சம்பளச் சுற்றில்தான் வரும், அதற்குள் பயணமே முடிந்திருக்கும். ஆகவே பயணத்துக்கு வேண்டியதை இரண்டாவது சம்பளத்திலிருந்தே ஒதுக்குங்கள். அதில் முதலில் வாங்க வேண்டியது ஷூ. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், நடைக்குப் போடப்போகும் சாக்ஸோடு போட்டுப் பார்த்து, சரிவுப் பலகையில் இறங்கிப் பாருங்கள். கட்டைவிரல் முன்னால் இடித்தால் அடுத்த அளவு. புறப்படுவதற்குமுன் அதில் 50 கிலோமீட்டராவது நடந்திருக்க வேண்டும். கடைசிச் சம்பளத்தில் புது ஷூ வாங்கி மறுநாளே கிளம்புபவர்களுக்கு இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம். சூடு தெரியும்போதே நின்று பட்டை ஒட்டினால் தப்பலாம், எரிச்சல் வரும்வரை நடந்தால் தோல் கிளம்பிவிட்டது என்று பொருள்.

பன்னிரண்டு வார விடுமுறை என்றால் ஒன்பது வாரம் வேலை, ஒரு வாரம் ஓய்வும் ஒத்திகையும், ஒரு வாரம் பயணம். மீதி வாரத்தைக் காலியாக விடுங்கள். ஈர டென்டைச் சுருட்டியபடியே விடுதி அறைக்குக் கொண்டுபோனால் ஓரிரு நாளில் பூஞ்சணம் பிடிக்கும், விரித்துக் காயவைக்க இடமும் நேரமும் வேண்டும். புல்வெளிப் பாதையில் நடந்திருந்தால் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, தலைமுடி என்று உண்ணி தேடிப் பார்க்க வேண்டும். கடித்திருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிட்டு, அடுத்த 30 நாட்களுக்குக் காய்ச்சலோ விரியும் சிவப்புத் தடிப்போ வருகிறதா என்று கவனிக்க வேண்டும். காய்ச்சாத ஓடை நீரில் வரும் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, வயிற்றைக் கலக்க ஒன்று இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். அதாவது வகுப்பு தொடங்கியபிறகு. அப்போது டாக்டரிடம் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு நிறுத்தாமல், இரண்டு வாரத்துக்கு முன் எந்த ஓடையில் தண்ணீர் குடித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.