பாட்டையே எழுதி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்: வெளிநாட்டு பிராண்டு கொலாப் (சேர்ந்து வேலை செய்வது) என்று வருகிறவர்களிடம் ஜாக்கிரதை

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் டிரெஸ் வீடியோ எடுக்கிற, கானா பாடி அப்லோடு பண்ணுகிற தம்பி தங்கைகள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். எங்களுக்கு 35,300 ரூபாய் போய்விட்டது. அதையாவது ஓவர்டைம் பார்த்துச் சம்பாதித்துவிடலாம். என் மாமா பையன் செத்துப்போன தன் அப்பாவுக்காகக் கட்டின பாட்டு, இன்றைக்கும் ஒரு ஆப்பில் யாரோ ஒருவன் பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குத்தான் இந்தப் பதிவு.

நாங்கள் நாலு பேர். நான் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். என் தம்பி கேமரா. மேல்வீட்டு அக்கா தையல். மாமா பையன் பாட்டு. கடையில் மிஞ்சுகிற கட்பீஸை நான் விலைக்கு வாங்கி வருவேன், அக்கா ராத்திரியோடு ராத்திரியாக ஜாக்கெட்டோ ஓவர்சைஸ் சட்டையோ தைத்துவிடுவார், விடியற்காலையில் காசிமேடு ஏலம் முடிகிற நேரத்தில் போய் எடுப்போம். ஐஸ் தண்ணீர் தெறித்துப் பேன்ட் ஓரமெல்லாம் உப்புக் கோடு விழும். அதைத் துவைக்காமல் அப்படியே கேமராவுக்குக் காட்டுவான் தம்பி. அந்தக் கோடு நன்றாக இருக்கும்.

பாட்டு வந்த கதையையும் சொல்கிறேன். மாமா துறைமுகத்தில் ஐஸ் உடைத்து ஏற்றுகிற வேலை பார்த்தவர். அவர் போன அன்றைக்கு வீட்டு வாசலில் விடிய விடிய கானா பாடினார்கள். பையன் மட்டும் வாயே திறக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த ராத்திரி மொட்டை மாடியில் உட்கார்ந்து நாலு வரி பாடிக் காட்டினான். டோலக்கும் குரலும் மட்டும்தான், வேறு ஒன்றும் சேர்க்கவில்லை. அதை ரெக்கார்டு செய்து, டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டை ஆப்களில் ஏற்றித் தருகிற கம்பெனி) வழியாக ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் எல்லாவற்றிலும் ஏற்றினோம். அந்தப் பாட்டை வைத்து எடுத்த 42 நொடி வீடியோதான் எங்களை வெளியே தெரிய வைத்தது.

பாட்டுக்காரர்கள் காசு கட்டி கிரெடிட் வாங்கி, பிளேலிஸ்ட் நடத்துகிறவர்களுக்குப் பாட்டை அனுப்புகிற தளங்கள் உண்டு. அப்படி ஒன்றில் நாங்களும் கணக்கு வைத்திருந்தோம். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் கடையில் நிற்க இடமில்லாத ஒரு நாள், அந்தத் தளத்தின் இன்பாக்ஸில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவன், தான் ஃபேஷன் பிராண்டுகளுக்குப் பாட்டும் வீடியோவும் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட் என்றான். ஐரோப்பாவின் ஒரு தெருப்பாணி உடை பிராண்டு எங்களை மாதிரி ஆட்களைத் தேடுகிறது, நான் பிட்ச் பண்ணித் தருகிறேன், அதாவது உங்கள் வேலையை அவர்களிடம் காட்டி வாய்ப்புக் கேட்கிறேன் என்றான். எங்கள் வீடியோவில் 14-வது நொடியில் பின்னால் ராயபுரம் ஸ்டேஷன் தூண்கள் வரும். 1856-ல் திறந்த ஸ்டேஷன் அல்லவா, அந்தத் தூண் பக்கத்தில் அந்தச் சட்டை எப்படி நிற்கிறது என்று எழுதியிருந்தான். உண்மையிலேயே பார்த்துவிட்டு எழுதியிருக்கிறான் என்று நாலு பேருமே நம்பினோம். இப்போது நினைத்தால், ஏமாற்ற வருகிறவனும் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தானே வருவான்.

அவன் சொன்ன காரணமும் பொய் இல்லை. அதனால்தான் நம்பினோம். வீடியோவில் போடுகிற பாட்டுக்குப் பெரிய பிராண்டுகள் நிஜமாகவே பயப்படுகின்றன. 2021-ல் சோனி மியூசிக், ஜிம்ஷார்க் என்கிற பிரிட்டிஷ் உடை நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. சோஷியல் மீடியா விளம்பர வீடியோக்களில் அனுமதி இல்லாமல் பாட்டுகளைப் போட்டார்கள் என்பது புகார். இன்ஸ்டாகிராமிலும் நாம் ரீல்ஸுக்கு எடுக்கிற சினிமாப் பாட்டையெல்லாம் ஒரு கம்பெனி தன் விளம்பரத்துக்கு எடுத்துப் போட முடியாது, தனியாக லைசென்ஸ் வாங்க வேண்டும். அதனால் உடையும் பாட்டும் ஒரே கையிலிருந்து வந்தால் பிராண்டுக்கு நிம்மதி. இதை அவன் அழகாக எடுத்துச் சொன்னான். நாங்களும் தேடிப் பார்த்தோம், எல்லாம் சரியாக இருந்தது. அவன் யார் என்பதை மட்டும் தேடிப் பார்க்கவில்லை.

முதலில் பிட்ச் ஸ்லாட் என்று 4,500 ரூபாய் கேட்டான். அந்தத் தளத்தில் ஏற்கெனவே கிரெடிட்டுக்குக் காசு கட்டிப் பழகியிருந்ததால் எங்களுக்கு அது தப்பாகவே படவில்லை. பாட்டு அனுப்பக் காசு கட்டுவது வழக்கம்தானே என்று கட்டிவிட்டோம். இந்தப் பழக்கத்தைத்தான் அவன் பிடித்துக்கொண்டான். பிளேலிஸ்ட்காரர் பாட்டைக் கேட்பதற்கு வாங்குகிற சில்லறை வேறு. விளம்பரம் எடுத்துத் தரச் சொல்லும் பிராண்டு நம்மிடம் காசு கேட்பது வேறு.

ஐந்தாம் நாள் பிராண்டிடமிருந்தே மெயில் வந்தது. லோகோ, கையெழுத்து, ஆபீஸ் முகவரி எல்லாம் இருந்தது. மூன்று வீடியோவுக்கு 2,400 யூரோ. கூடவே பதினோரு பக்க ஒப்பந்தம். எடிட்டிங்குக்கு வேண்டும், குரல் தனியாக, டோலக் தனியாக ஸ்டெம் ஃபைல் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். மாமா பையன் என்னைத்தான் கேட்டான். "அக்கா, குரலைத் தனியா குடுக்கணுமா?" கம்பெனிக்காரங்க கேட்டா குடுத்துதான்டா ஆகணும் என்று நான் சொன்னேன். ஒப்பந்தத்தையும் நான்தான் படித்தேன். அவன் கையெழுத்துப் போட்டான்.

பிறகு சாம்பிள் துணிப் பெட்டி கஸ்டம்ஸில் நிற்கிறது, 12,800 கட்டுங்கள் என்றார்கள். பெட்டியின் போட்டோ, ஏர்வே பில் நம்பர் (பார்சல் எங்கே இருக்கிறது என்று பார்க்கிற எண்) எல்லாம் வந்தது. அந்த நம்பர் அவர்கள் கொடுத்த லிங்கில் மட்டும்தான் ஓடியது. கூரியர் கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பணம் போனது ஒரு தனி ஆளின் சேவிங்ஸ் கணக்குக்கு, கியூஆர் கோடு வழியாக. யூரோ கம்பெனிக்கு ஏன் ஜிபே என்று கேட்டேன். இந்தியாவில் அவர்தான் எங்கள் பார்ட்னர் என்று பதில் வந்ததும் சமாதானம் ஆகிவிட்டேன். கடைசியாக, 2,400 யூரோவை விடுவிக்க வரி 18,000 முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றார்கள். என் கம்மலை அடகு வைத்துக் கட்டினேன். வெளிநாட்டுக் கம்பெனி வரி பிடிப்பதாக இருந்தால் நமக்குத் தர வேண்டிய தொகையிலிருந்து பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பும். நம்மை முதலில் கட்டச் சொல்லாது. இதை அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆளில்லை.

மூன்று நாள் பதில் இல்லை. கஸ்டம்ஸ் ஆபீஸில் போய்க் கேட்கலாம் என்று மெயிலைப் பிரின்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். எழுத்து பொடியாக இருக்கிறது, பெரிதாக்கித் தாருங்கள் என்றேன். கடைக்கார அண்ணன் தாளைக் கையில் எடுத்துவிட்டு, "இன்னாமா இது, ஸ்பெல்லிங் தப்பா கீது" என்றார். பிராண்டு பெயரில் ஆங்கில எம் (m) வர வேண்டிய இடத்தில் ஆர் (r), என் (n) இரண்டு எழுத்தும் ஒட்டி ஒட்டி இருந்தது. போன் திரையில் இரண்டும் சேர்ந்து எம் மாதிரியே தெரிந்திருக்கிறது. தாளில் பெரிதாக்கியதும் நடுவில் மயிரிழை இடைவெளி தெரிந்தது. அங்கேயே நின்று அந்த டொமைனை (மெயில் வந்த இணைய முகவரியை) எப்போது பதிவு செய்தார்கள் என்று தேடினேன். எனக்கு முதல் செய்தி வருவதற்கு ஆறு நாள் முன்னால்.

உடனே 1930-க்குப் போன் செய்தேன். சைபர் மோசடிக்கான எண் இது, எல்லோரும் போனில் சேமித்து வையுங்கள். பணம் போன தேதி, நேரம், தொகை, 12 இலக்க யுடிஆர் எண் (பணம் அனுப்பியதற்கான பரிவர்த்தனை எண்) எல்லாம் கேட்டார்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகமாம். நான் மூன்று நாள் வெட்கப்பட்டுக்கொண்டு, வந்துவிடும் வந்துவிடும் என்று காத்திருந்ததால், கடைசியாகப் போன 18,000-ல் 6,200 மட்டும் ஒரு கணக்கில் மாட்டியது. அதுவும் இன்னும் கைக்கு வரவில்லை. உண்மையான பிராண்டின் வெப்சைட்டில் இருந்த முகவரிக்கும் எழுதினேன். அப்படி ஒரு ஆள் எங்களிடம் இல்லை என்று இரண்டே நாளில் பதில் போட்டார்கள். அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

இதோடு போயிருந்தால் இந்தப் பதிவே வேண்டாம். மூன்று வாரம் கழித்து எங்கள் சொந்த வீடியோவுக்கு யூடியூபில் காப்பிரைட் கிளெய்ம் வந்தது. பாட்டு வேறு ஒருவருடையது என்று. தேடிப் போய்க் கேட்டால், மாமா பையன் குரலேதான். டோலக்கை எடுத்துவிட்டு அடியில் ஏதோ பீட் போட்டு, வேறு தலைப்பில், வேறு டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக ஏற்றி, கன்டென்ட் ஐடியிலும் (பாட்டு யாருடையது என்று யூடியூப் தானாகக் கண்டுபிடிக்கிற முறை) பதிந்துவிட்டார்கள். குரலைத் தனியாகக் கொடுத்ததால் இரண்டே மணி நேர வேலையாக இருந்திருக்கும். அவன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அவங்க அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கிப் போய்விட்டான்.

தம்புச் செட்டித் தெருவில் தெரிந்த வக்கீல் அக்கா ஒருவர் இருக்கிறார். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, "இதுல வீடியோவுக்குப் பாட்டு குடுக்கறேன்னு எங்கயும் இல்லமா, பாட்டையே எழுதிக் குடுத்திருக்கான்" என்றார். எட்டாம் பக்கத்தில் நிரந்தரமாக, பிரபஞ்சம் முழுவதும் என்று எழுதியிருந்தது. பிரபஞ்சம் என்கிற வார்த்தையைப் பார்த்தும் நான் தாண்டிப் போயிருக்கிறேன். ஆனால் தொகை எழுத வேண்டிய கோடு காலியாக இருந்தது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவின்படி உரிமையை எழுதிக் கொடுத்தால் எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி அல்லது தொகை எல்லாம் அதில் குறிப்பிட்டிருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடம், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். தொகையும் இல்லை, எதிர்ப்பக்கம் கையெழுத்துப் போட்டவனுக்கு நிஜ முகவரியும் இல்லை, இதை வைத்து எதிர்க்கலாம் என்றார் அக்கா. பாட்டைத் தனியாகப் பதிவு செய்யாவிட்டாலும் எழுதினவனுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னார். அதைக் கேட்டதும்தான் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

யூடியூபில் டிஸ்ப்யூட் போட்டோம். பழைய அப்லோடு தேதி, எங்கள் ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் தருகிற அடையாள எண்), முதன்முதலில் ரெக்கார்டு செய்த புராஜெக்ட் ஃபைல், மொட்டை மாடியில் அவன் பாடியதைத் தம்பி போனில் பிடித்த வீடியோ எல்லாவற்றையும் எடுத்து வைத்தோம். எதிராளிக்கு 30 நாள் கெடு. அவன் பதில் சொல்லவில்லை, கிளெய்ம் நீங்கிவிட்டது. இரண்டு ஆப்பில் இருந்தும் தூக்கிவிட்டார்கள். மூன்றாவதில்தான் இன்னும் இருக்கிறது. மெயில் போட்டுக்கொண்டே இருக்கிறோம்.

பிராண்டுகளுக்கு பிட்ச் பண்ணவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாங்களும் விடப்போவதில்லை. இப்போது பிராண்டின் சொந்த வெப்சைட்டில் இருக்கும் முகவரிக்குத்தான் எழுதுகிறோம். கேட்டுப் பார்க்க, நடுவில் எங்கள் பேரைச் சொல்லும் குரல் போட்ட எம்பி3 மட்டும் அனுப்புகிறோம். ஸ்டெம் பணம் வந்த பிறகுதான், அதுவும் கேட்கிற காரணம் புரிந்தால். எழுதிக் கொடுப்பது லைசென்ஸ் மட்டும்: இந்த வீடியோவுக்கு, இத்தனை மாதத்துக்கு, இந்த நாடுகளுக்கு, இவ்வளவு தொகைக்கு என்று. வெளிநாட்டுப் பணம் முறையாக வந்தால் பேங்கில் எதற்காக வந்தது என்று கேட்டுத்தான் கணக்கில் வைப்பார்கள். அவர்களிடமிருந்து நமக்கு வர வேண்டிய பணத்துக்கு நாம் கியூஆர் ஸ்கேன் பண்ண வேண்டிய வேலையே இல்லை.

இந்தப் பதிவைப் போடுவதற்கு முன் மாமா பையனிடம் படித்துக் காட்டினேன். பாட்டு வரி எதையும் போடாதே அக்கா, அதை வைத்துத் தேடினா அந்த வேறு பெயரில் இருக்கிற பாட்டுக்குத்தான் போவாங்க என்றான். அதனால் போடவில்லை. பிட்ச் ஸ்லாட், சாம்பிள் பெட்டி, முன்வரி என்று உங்களுக்கும் மெயில் வந்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். எழுத்தைப் பெரிதாக்கிச் சேர்ந்து பார்ப்போம். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் முதலில் 1930-க்குப் பேசிவிட்டு அப்புறம் என்னிடம் பேசுங்கள். கடை ஒன்பதரைக்குச் சாத்துவார்கள். அதற்கு மேல் எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பேன்.