ரோம் நகருக்குக் கப்பல் நிறுவனச் சுற்றுலாவா, உள்ளூர் வழிகாட்டியா?

மத்தியதரைக் கடல் சொகுசுக் கப்பல்களின் பயணத்திட்டத்தில் ‘ரோம்’ என்று அச்சிட்டிருந்தாலும், கப்பல் நிற்பது அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளியுள்ள சிவிதவேக்கியா துறைமுகத்தில்தான். கப்பல் நிறுவனமே நடத்தும் பேருந்துச் சுற்றுலாவின் உண்மையான மதிப்பு வழிகாட்டியிலோ வசதியிலோ இல்லை. நெரிசலில் பேருந்து தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும் என்ற உறுதியில் இருக்கிறது. தனியாகச் சென்றவர் பிந்தினால் கப்பல் புறப்பட்டுவிடும். அடுத்த துறைமுகம் வரையிலான செலவும் அவருடையதே. ஆயினும், பெருங்கூட்டத்தோடு வழிகாட்டியின் கொடியைப் பின்தொடர்ந்து, நினைவுப்பொருள் கடையில் நேரத்தை இழந்து, கொலோசியத்தை வெளியிலிருந்து மட்டும் பார்த்துத் திரும்புவதற்கு அந்தக் கட்டணம் மிக அதிகம் என்றே எனக்குப் படுகிறது. (விவரக்குறிப்பில் ‘உள்ளே நுழைவு’ என்று தெளிவாக இல்லையெனில், இல்லை என்றே கொள்ளலாம்.) உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துவோர் நுழைவுச்சீட்டை முன்பதிவு செய்துகொண்டு, வட்டார ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில், வாத்திக்கனுக்கு அருகிலுள்ள சான் பியெத்ரோ நிலையத்தை அடையலாம், திரும்பும்போது இரண்டு மணி நேரமாவது கையிருப்பு வைத்துக்கொள்வது அவசியம். துருக்கியின் குஷாதாசி துறைமுகத்திலோ, பண்டைய நகரமான எபேசுவின் இடிபாடுகள் சுமார் 20 கிலோமீட்டரிலேயே இருப்பதால், கப்பல் நிறுவனத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.