பாஸ்க் பூ, 9 செ.மீ. தொட்டி: செடிக்கு நாலு நட்சத்திரம், லேபிளுக்கு ஒன்று

மூன்று வருடம் வளர்த்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு நர்சரியில் ஐந்து பவுண்டுக்குச் சற்று மேலே கொடுத்து வாங்கியது. ஆங்கிலப் பெயர் பாஸ்க் பிளவர். நம் கத்தோலிக்கர்கள் ஈஸ்டரைப் பாஸ்கா என்பார்களே, அந்தச் சொல்தான் இதிலும் ஒட்டியிருக்கிறது. பூப்பதும் ஈஸ்டர் சமயத்தில்தான்.

செடியைக் குறை சொல்ல மாட்டேன். மொட்டு தலைகாட்டும்போதே உடம்பெல்லாம் வெள்ளி நிறப் பூனைமயிர். விரிந்தால் கத்திரிப்பூ நிறம், நடுவில் கொத்தாக மஞ்சள் மகரந்தம். பூ உதிர்ந்த பிறகு காம்பு இன்னும் நீண்டு, உச்சியில் இறகு இறகாக விதை வைக்கிறது. எனக்குப் பூவைவிட அதுதான் பிடித்தது. ஒரே ஒரு எச்சரிக்கை, சாறு கையில் பட்டால் தோல் அரிக்கும். பூனை, நாய்க்கு இது விஷம். லேபிளில் இதைப் பற்றி மூச்சே இல்லை.

அந்த லேபிள்தான் என் புகார். அழிந்துவரும் உள்ளூர்க் காட்டுப்பூ, வாங்கி நட்டால் அதைக் காப்பாற்றிய மாதிரி என்ற தோரணையில் எழுதியிருந்தார்கள். விதை எங்கிருந்து வந்தது என்று கல்லாவில் கேட்டேன். தெரியாதாம். இந்தச் செடி ஐரோப்பாவில் பல நாடுகளில் உண்டு, சிவப்பு, வெள்ளை என்று தோட்ட ரகங்களும் விற்கிறார்கள். என் தொட்டியில் இருப்பது எந்த ஊர்க்காரர் என்று யாருக்குத் தெரியும்?

சரி, காட்டுப்பூவையே பார்த்துவிடலாம் என்று ஒரு ஏப்ரலில் ரயிலேறி ராய்ஸ்டனில் இறங்கி, தெர்ஃபீல்டு ஹீத் என்ற புல்வெளிக் குன்றுக்கு நடந்தேன். அந்தக் குன்று இருக்கும் ஹெர்ட்ஃபோர்டுஷயரின் மாவட்டப் பூ இதுதான். சுண்ணாம்புச் சரிவு, ஒட்ட வெட்டிய தலைமுடி மாதிரி புல், அதற்குள் கணுக்கால் உயரம்கூட இல்லாத ஊதாக் கிண்ணங்கள். குனிந்தால் போதாது, மண்டி போட வேண்டும்.

அந்தக் குட்டைப் புல்லில்தான் விஷயமே இருக்கிறது. ஆடு மேய்ந்தவரை இந்தப் பூ பிழைத்தது. பல சரிவுகளை உழுதுவிட்டார்கள், உரம் போட்டார்கள், மீதியில் மேய்ச்சல் நின்றுபோனது. 1950களில் மிக்ஸோமடோசிஸ் நோய் வந்து, புல்லைக் கொறித்துவந்த முயல்களும் செத்தன. புல் ஓங்கி, காய்ந்த சருகு மெத்தையாகப் படிந்தால் விதை மண்ணைத் தொடவே முடியாது. நம் ஊரில் வயலுக்கு ஆட்டுக்கிடை போடுவோமே, இங்கேயும் அந்தக் காலத்தில் அதே வழக்கம்தான்: பகலில் குன்றில் மேய்ச்சல், ராத்திரியில் கீழே வயலில் கிடை. சத்தெல்லாம் வயலுக்குப் போக, குன்று ஏழை மண்ணாகவே இருந்தது. அந்த ஏழ்மையில்தான் சின்னப் பூக்களுக்கு இடம் கிடைத்தது.

இது தெரியாமல் நான் முதல் வருடம் நல்ல கொழுத்த உரக்கலவையில் வைத்தேன். ஒரு அடி வளர்ந்து சாய்ந்தது. சரளை கலந்த மண்ணுக்கு மாற்றினேன். வேரைத் தொந்தரவு செய்தால் இதற்குப் பிடிக்காது, அடுத்த வசந்தத்தில் ஒரு பூகூட இல்லை. மூன்றாம் வருடம் பதினொன்று. ஆகவே வாங்குகிறவர்கள் முதலிலேயே நல்ல வெயிலில், தண்ணீர் தேங்காத இடத்தில் வைத்துவிட்டு அப்புறம் தொடாதீர்கள்.

தோட்டத்துக்கு வாங்குங்கள், தாராளமாக. தயவுசெய்து இதன் விதையைக் கொண்டுபோய்க் குன்றில் தூவாதீர்கள், அங்கே இருக்கிற பழைய வம்சத்தோடு கலந்துவிடும். பூவுக்கு உதவ ஆசையிருந்தால் குளிர்காலத்தில் புதர் வெட்டப் போகும் தன்னார்வலர்களோடு ஒரு நாள் போய் வாருங்கள். முதுகு வலிக்கும், டீ தருவார்கள்.

நர்சரிக்காரர் லேபிளில் விதை வந்த ஊரையும் அரிப்பைப் பற்றி ஒரு வரியையும் சேர்த்தால் இன்னும் இரண்டு நட்சத்திரம் தரத் தயார்.