ஒரே கவரில் வலிப்பு மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் - திருமங்கலம் பக்கம் நடந்தது

வலிப்புக்கு கார்பமசெபைன் சாப்பிடுகிறவர் (டெக்ரிட்டால் என்றும் இன்னும் பல பெயர்களிலும் வரும்) உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துவிடுங்கள்.

என் தம்பி அதைக் காலையும் ராத்திரியும் 400 மில்லிகிராம் போடுகிறான், நாலு வருஷமாக வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. இந்தத் தடவை அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போய், தண்ணீர் பீய்ச்சுகிற கூட்டத்துக்குள் நனைந்து நின்றதில் தொண்டை வலி, காய்ச்சல். பக்கத்துக் கிளினிக்கில் டாக்டர் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார், கிளாரித்ரோமைசின் 500 என்ற ஆன்டிபயாட்டிக் எழுதினார், 200 ரூபாய் வாங்கினார். வேறு மாத்திரை சாப்பிடுகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பியும் சொல்லவில்லை, பெஞ்சில் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

மெடிக்கல்காரருக்குத் தெரியாதா? மாசாமாசம் வலிப்பு மாத்திரை வாங்குவதே அவரிடம்தான். அன்றைக்கு அதுவும் தீர்ந்திருந்தது, இரண்டையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்தார். சுவரில் பார்மசிஸ்ட் சர்டிபிகேட் மாட்டியிருக்கிறது, அந்தப் போட்டோவில் இருக்கிற ஆளை இதுவரை கடையில் நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன். “அக்கா, பஸ்ஸெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது.” வீட்டுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான், வாந்தி வேறு. தெருவில் குடித்துவிட்டு வருகிறான் என்றே பேசிவிட்டார்கள். கடைக்குப் போன் போட்டால் அவர் சொன்ன யோசனைதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது: “வலிப்பு மாத்திரை சூடும்மா, அதை ரெண்டு நாள் நிறுத்திட்டு ஆன்டிபயாட்டிக்கை முழுசா முடிச்சிடுங்க.”

நல்லவேளை, கேட்கவில்லை. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் வலிப்பு மருந்தின் அளவு பார்த்தார்கள். 4 முதல் 12 வரை இருக்க வேண்டியது 17 இருந்தது. கார்பமசெபைனை உடைத்து வெளியேற்றுவது ஈரலில் உள்ள ஒரு நொதி, கிளாரித்ரோமைசின் அந்த நொதியையே கட்டிப்போட்டுவிடும், அதனால் வழக்கமாகப் போடுகிற அதே மாத்திரை உள்ளே தேங்கித் தேங்கி விஷமாகிவிடுகிறது என்று அந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். எரித்ரோமைசின், பூஞ்சைக்குக் கொடுக்கிற புளூகோனசோல், டிபிக்கான ஐசோநியாசிட் இவற்றாலும் அளவு ஏறுமாம். வலிப்பு மாத்திரையை நாமாகத் திடீரென்று நிறுத்தினாலோ விடாமல் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதாவது கடைக்காரர் சொன்னது அப்படியே தலைகீழ். ஆன்டிபயாட்டிக்கை மாற்றினார்கள், வலிப்பு மருந்தின் அளவை அவர்களே பார்த்துக் குறைத்து, பிறகு பழையபடி ஏற்றினார்கள். மூன்று நாளில் நேராக நடந்தான்.

அப்புறம் பெண்களுக்கு ஒன்று: இந்தக் கார்பமசெபைன் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். முகநரம்பு வலிக்கு இதையே சாப்பிடுகிற பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான் சொல்லித்தான் தெரியும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதல் சில வாரங்களில் உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

கடையில் போய்க் கேட்டேன். “டாக்டர் எழுதினதைத்தானே குடுத்தோம்.” கிளினிக்கில் கேட்டேன். “நீங்கதானே சொல்லியிருக்கணும்.” மருந்து ஆய்வாளருக்குப் புகார் எழுதி, கவரில் போட்டு ஒட்டியும் வைத்துவிட்டேன். கல்யாணம் முடியட்டும் அக்கா என்று தம்பி அதைப் பீரோவில் பூட்டிவிட்டான்.